இடுப்பளவு அலைக்கு எந்த அளவுப் பலகை?

கேள்வி இதுதான்: எடை 73 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம். அலைச்சறுக்கு பழகி மூன்று வருடம் ஆகிறது, மாதத்துக்கு நான்கைந்து முறை கடலில் இறங்க முடிகிறது. கையில் இருப்பது 6 அடி நீளம், 18¾ அங்குல அகலம், 2⅜ அங்குலத் தடிமன் கொண்ட 28 லிட்டர் பலகை. நெஞ்சளவு அலை வரும் நாட்களில் அருமையாக ஓடுகிறது. முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில், சோம்பலாக உருண்டு வரும் அலைகளில் பத்துக்கு இரண்டுகூடப் பிடிபடவில்லை. பிடித்தாலும் எழுந்து நின்றதும் பலகை அப்படியே உட்கார்ந்துவிடுகிறது; வேகம் வரவில்லை, திரும்ப முடியவில்லை. எந்தப் பொருளில் செய்த பலகை வாங்குவது என்றும் தெரியவில்லை. நண்பர் 'நீளமாக வாங்கு' என்கிறார், பலகை விற்பவர் 'குட்டையாக வாங்குங்கள்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் இருவரும் வெவ்வேறு பலகையை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். உங்களுக்கு நான் சொல்லும் அளவு: நீளம் 5 அடி 8 அங்குலம், அகலம் 20½ முதல் 21 அங்குலம், தடிமன் 2½ அங்குலம், மொத்தம் 32 அல்லது 33 லிட்டர். அடிப்பக்கம் கூடியவரை தட்டையாக, பின்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரி லிட்டர் கணக்கைவிட முக்கியம். ஏனென்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். நெஞ்சளவு அலையில் அதே பலகையை நன்றாக ஓட்டுகிறீர்கள் என்றால் ஆட்டம் தெரியும். சின்ன அலை நாளில் கூடம் நிஜமாகவே கோணல்.

அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 அடி அலையில் பாதி உயரம் உள்ள 2 அடி அலைக்கு ஆற்றல் பாதி இல்லை, கால்வாசிதான். இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரமும் இதில் சேரும். தூரத்துப் புயலில் பிறந்து 14 வினாடி இடைவெளியில் வரும் அலையையும், பக்கத்துக் காற்று கிளப்பிவிட்டு 7 வினாடிக்கு ஒன்றாக வரும் அலையையும் ஒரே உயரத்தில் வைத்தாலும், இரண்டாவது கொண்டுவரும் திறன் முதலாவதில் ஏறக்குறைய பாதி. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 7 வினாடியில் வரும் 2 அடி அலைக்கு, 14 வினாடியில் வரும் 4 அடி அலையின் எட்டில் ஒரு பங்கு திறன்தான். 'கொஞ்சம் சின்ன அலை' என்று நாம் சொல்வது கடலின் கணக்கில் வேறு ஒரு பொருள்.

வேகத்தையும் பாருங்கள். அலை தன் உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்கு ஆழத்துக்கு வரும்போது உடைகிறது. ஆழம் குறைந்த தண்ணீரில் அலையின் வேகத்தை அந்த ஆழமே தீர்மானிக்கிறது. கணக்குப் போட்டால் 2 அடி அலை உடையும் இடத்தில் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, 2 மீட்டர் அலை சுமார் 18. நாம் கைகளால் துழாவிப் போகும் வேகம் மணிக்கு 5, 6 கிலோமீட்டர். அப்படியானால் சின்ன அலையைத்தானே எளிதாகப் பிடிக்க வேண்டும்? வேகத்தை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் மீதி வேகத்தை நமக்குத் தருவது அலையின் சரிவு. பலமில்லாத அலையின் சரிவு கடைசி நொடிவரை படுத்தேதான் கிடக்கும். கரைக்குப் பக்கத்தில் திடீரென்று நிமிரும், உடனே சரிந்துவிடும். அந்தப் படுத்த சரிவிலேயே பலகை வழுக்கத் தொடங்க வேண்டும். நிமிர்ந்த பிறகு தொடங்கினால் நேரம் போய்விட்டது.

அடுத்த முறை கடலில் இதைக் கவனித்துப் பாருங்கள். அலை பின்னால் வருகிறது, நீங்கள் துழாவுகிறீர்கள், பின்பக்கம் மெல்ல உயர்கிறது. இந்த நேரத்தில் உங்கள் நெஞ்சுக்குக் கீழே என்ன நடக்கிறது? 28 லிட்டர் பலகையில் நெஞ்சின் இரண்டு பக்கமும் தண்ணீர் மேல்தளத்தில் ஏறி ஓடிக்கொண்டிருக்கும், தொடைகள் தண்ணீருக்குள் இழுபடும். பலகையின் மூக்கு, அதாவது முன்முனை, மேல்நோக்கி வளைந்திருப்பதால் அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், மேலே ஏறி வழுக்காது. அலை உங்களுக்கு அடியில் புகுந்து முன்னால் போய்விடும். கடைசியாக இரண்டு கை கூடுதலாகப் போட்டுப் பார்ப்பீர்கள், அதற்குள் அதன் முதுகு தெரியும். பலமான அலையாக இருந்தால் இந்த இழுவை எதையும் பொருட்படுத்தாமல் உங்களைத் தூக்கி எறிந்திருக்கும்.

இங்கேதான் லிட்டர் வருகிறது. பலகையின் லிட்டர் என்பது அதன் மொத்தக் கன அளவு. கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவைவிடச் சற்று அதிக எடை கொண்டது. அதனால் ஒரு லிட்டர் கூடினால் சுமார் ஒரு கிலோ கூடுதலாக மிதக்கும், அவ்வளவுதான் அதன் பொருள். 28-இலிருந்து 32-க்குப் போனால் உங்கள் உடம்பில் நான்கு கிலோ அளவு தண்ணீரை விட்டு மேலே வருகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருக்கும் வயிறும் தொடையும் மேலே வந்துவிட்டால் துழாவும்போது தெரியும் வித்தியாசம் அற்பம் இல்லை.

பலகைகளைக் கணினியில் வடிவமைத்து இயந்திரத்தில் வெட்டத் தொடங்கிய பிறகுதான் இந்த லிட்டர் எண் எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. அதற்கு முன் பலகை செய்பவர் கையால் அமுக்கிப் பார்த்து, அக்குளில் இடுக்கிப் பார்த்துச் சொல்வதே கணக்கு. இப்போது பலகையின் லிட்டரை ஆளின் எடையால் வகுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போட்டிகளில் ஓட்டும் தொழில்முறை ஆட்களுக்கு இது 0.34 முதல் 0.38 வரை வரும். வாரத்துக்குப் பலமுறை இறங்கும் கைதேர்ந்தவர்களுக்கு 0.40-ஐ ஒட்டி. வாரக்கடைசியில் மட்டும் கடலைப் பார்ப்பவர்களுக்கு 0.42 முதல் 0.50 வரை. புதிதாகப் பழகுபவர்களுக்கு 0.6-இல் தொடங்கி 1 வரைகூடப் போகலாம். உங்கள் 28-ஐ 73-ஆல் வகுத்தால் 0.38. மாதத்துக்கு நான்கு முறை இறங்குபவர் கையில், நாள் தவறாமல் இறங்கும் போட்டி வீரரின் பலகை. நெஞ்சளவு அலையில் சமாளிக்கிறீர்கள் என்றால் அது உங்கள் திறமை. சின்ன அலையில் திறமைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

பலமில்லாத அலைக்கு வழக்கமான பலகையைவிட 10 முதல் 15 சதவீதம் லிட்டர் கூட்டுவது எனக்குச் சரியாகப் படுகிற அளவு. உங்களுக்கு அது 31 முதல் 32 லிட்டர். வெட்சூட் என்ற குளிர் தாங்கும் ரப்பர் உடை போடும் குளிர்ந்த கடலாக இருந்தால் இன்னும் ஒரு லிட்டர், நாற்பது வயதைத் தாண்டியிருந்தால் இன்னொன்று. தோளில் பழைய வலி ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் இன்னும் ஒன்று.

சரி, லிட்டர் கிடைத்துவிட்டது, 32 லிட்டர் என்று எழுதிய எந்தப் பலகையையும் வாங்கிவிடலாமா? நான் அப்படித்தான் ஒருமுறை வாங்கினேன். 5 அடி 4 அங்குலம், பார்க்கச் சின்னது, லிட்டர் மட்டும் என் கணக்குக்கு மேலேயே இருந்தது. அந்த லிட்டர் முழுவதும் தடிமனில் ஒளிந்திருப்பதை நான் யோசிக்கவில்லை. மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, விளிம்புகள் செங்கல் மாதிரி சதுரம். படுத்துத் துழாவும்போது ராஜபோகம். எழுந்து நின்று திரும்பப் பார்த்தால் விளிம்பு தண்ணீருக்குள் இறங்கவே மாட்டேன் என்றது. காலால் அழுத்தினால் தக்கையை அமுக்கினது போல எகிறி வெளியே வரும். சின்னச் சின்ன அலைதானே என்று ஒரு பருவம் முழுவதும் அதோடு மல்லுக்கட்டினேன். அப்புறம் ஒரு நாள் இன்னொருவர் பலகையை இரவல் வாங்கி ஓட்டினேன். என்னுடையதைவிட இரண்டு லிட்டர் குறைவு, ஒரு அங்குலத்துக்கு மேல் அகலம் அதிகம். அதே அலையில் அது ஓடிய ஓட்டமே வேறு.

உங்கள் பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே 6 அடி, அதே 18¾ அகலம், தடிமனை மட்டும் 2⅜-இலிருந்து 2¾ ஆக்கினால் 32 லிட்டர் வந்துவிடும். நான் சொன்ன 5 அடி 8 அங்குலம், 20¾ அகலம், 2½ தடிமன் என்ற பலகையும் 32 லிட்டர்தான். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 68 அங்குலம், 20.75, 2.5 மூன்றையும் பெருக்கினால் சுமார் 3,527 கன அங்குலம். ஒரு கன அங்குலம் 16.39 மில்லிலிட்டர் என்பதால் 57.8 லிட்டர். இது முழுச் செவ்வகப் பெட்டியின் அளவு. பலகை மூக்கிலும் பின்பக்கத்திலும் விளிம்பிலும் குறுகுவதால் ஒல்லியான பலகைக்கு 0.53, 0.54 என்றும், உருண்டு திரண்டதற்கு 0.56, 0.57 என்றும் பெருக்க வேண்டும். 57.8-ஐ 0.56-ஆல் பெருக்கினால் 32.4. காகிதத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தண்ணீரில் முதலாவது நன்றாக மிதக்கும், ஆனால் நின்றதும் மறுபடி உட்காரும். இரண்டாவது நின்ற பிறகும் ஓடும்.

காரணம், அலையைப் பிடிப்பதும் அலையில் ஓடுவதும் இரண்டு தனி வேலைகள். பிடிப்பதற்கு மிதப்பு வேண்டும். எழுந்து நின்று வேகம் எடுத்த பிறகு பலகையைத் தாங்குவது மிதப்பு இல்லை, அடிப்பரப்பில் தண்ணீர் மோதித் தரும் தூக்குதல். ஹவாயின் பழைய அலாயா பலகைகள் இதற்கு நல்ல சாட்சி. மெல்லிய மரப்பலகை, ஃபின் (பலகையின் அடியில் பின்பக்கம் நிற்கும் துடுப்பு போன்ற தகடு) கிடையாது, மிதப்பு என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. துழாவிப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் அசுர வேகம். லிட்டர் எண் முதல் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. இரண்டாவது வேலைக்கு அகலமும் தட்டையும்தான் பேச வேண்டும்.

தண்ணீரின் மேல் வழுக்கிப் போகும் பரப்புக்கு ஒரு குணம் உண்டு. ஒரே பரப்பளவை ஒல்லியாக நீட்டி வைப்பதைவிட அகலமாகக் குறுக்கி வைத்தால், குறைந்த வேகத்திலேயே அதிகம் தூக்கும். வேகப்படகு செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கலிஃபோர்னியாவில் பொறியியல் படித்த பாப் சிம்மன்ஸ் என்பவர் 1940-களின் பிற்பகுதியில் இந்தப் படகுக் கணக்கை அலைப் பலகைக்குக் கொண்டுவந்தார். அவர் செய்தவை நீளப் பலகைகள்தான். அந்தக் கணக்கையே குட்டைப் பலகையில் வைத்துப் பார்த்த மினி சிம்மன்ஸ் என்ற வகை 2000-களின் நடுவில் பிறந்தது. ஐந்தரை அடியைச் சுற்றி நீளம், 21, 22 அங்குல அகலம், அரைவட்ட மூக்கு, பார்த்தால் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். முழங்காலளவு அலையில் அது ஓடுவதைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். நடுவில் 1967-இல் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் ஒரு குட்டைப் பலகை செய்தார். முழங்காலில் நின்று ஓட்டுவதற்காகச் செய்தது: இரண்டு ஃபின், பின்னால் மீன்வால் போல ஆழமான பிளவு. நின்று ஓட்டுபவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், ஃபிஷ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்ற காலத்தில் அவருடைய அடையாளமே இரண்டு ஃபின் பலகைதான். இன்று சின்ன அலைக்கென்று விற்கும் பலகைகளில் பெரும்பாலானவற்றின் தாத்தா பாட்டி இவர்கள்தான்.

அகலத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. பலகையில் எழுதியிருக்கும் அகலம் அதன் மிக அகலமான இடத்தில் எடுத்தது. பின்முனையிலிருந்து 12 அங்குலம் மேலே டேப் வைத்து அளந்து பாருங்கள். வழக்கமான குட்டைப் பலகையில் 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும், சின்ன அலைப் பலகையில் 15-க்கு மேல். உங்கள் பின்கால் நிற்பது இங்கேதான். நின்றதும் பலகை 'உட்காருகிறது' என்று எழுதியிருந்தீர்களே, அது உட்காருவதும் இங்கேதான். நடுவில் 20½ அங்குலம் இருந்து பின்பக்கம் ஊசியாகக் குறுகினால் சின்ன அலையில் பெரிய பயன் இல்லை. அகலமான பின்பக்கம் திரும்ப மறுக்குமே என்று கேட்கலாம், ஓரளவு மறுக்கும்தான். அதற்குத்தான் பின்முனையின் நடுவில் மீன்வால் பிளவு. ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து முனை மட்டும் கூர்வால் போல வேலை செய்யும்.

அடுத்தது அடிப்பக்கத்தின் வளைவு. ராக்கர் என்பார்கள். இது எந்தப் பலகையிலும் எண்ணாக எழுதியிருக்காது, அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. பார்க்கும் வழி சுலபம். பலகையைக் குப்புறப் போடுங்கள். நேரான நீளச் சட்டம் ஒன்றை நடு அடிப்பக்கத்தில் நீளவாக்கில் வையுங்கள். சட்டத்துக்கும் மூக்கின் நுனிக்கும் எவ்வளவு இடைவெளி, பின்முனைக்கு எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். மூக்குப் பக்கம் ஐந்து அங்குலத்தைத் தொட்டு, பின்பக்கம் இரண்டரை வந்தால் அது பலமான, செங்குத்தான அலைக்குச் செய்தது. மூக்கில் நான்கு, பின்னால் இரண்டு அல்லது அதற்கும் கீழே என்றால் உங்களுக்கு வேண்டியது அதுதான். சட்டம் இல்லையென்றால் பலகையை முகத்துக்கு நேரே பிடித்துப் பின்முனையிலிருந்து மூக்கை நோக்கி ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டு பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழகாத கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும். முக்கியமாக, நடுவில் கால்கள் நிற்கும் இரண்டடி நீளம் எவ்வளவு தட்டை என்று பாருங்கள். தட்டையான பலகை படுத்த சரிவிலும் வழுக்கும். செங்குத்தான அலையில் அதே பலகை மூக்கைக் குத்திக்கொண்டு கவிழ்த்துவிடும், அது வேறு கதை.

இப்போது நீளத்துக்கு வருவோம், உங்கள் நண்பர் காத்திருக்கிறார். விற்பவர் குட்டையாக வாங்கச் சொன்னது ஏனென்றால், சின்ன அலையின் முகம் சின்னது. இடுப்பளவு அலையில் மேலிருந்து கீழே இறங்க உங்களுக்குக் கிடைக்கும் இடமே மூன்றடி, நான்கடி. அதற்குள் ஆறடிப் பலகையைத் திருப்புவது சந்துக்குள் பேருந்தைத் திருப்புவது மாதிரி. அகலம் கூடியிருப்பதால் நீளத்தை மூன்று நான்கு அங்குலம் குறைத்தாலும் மிதப்பு போகாது. நண்பர் நீளமாக வாங்கச் சொன்னது ஏனென்றால், நீளப் பலகை தண்ணீரில் நேராகவும் சீராகவும் போகும், அலை இன்னும் மேடாக இருக்கும்போதே எழுந்து நின்றுவிடலாம். 9 அடி 2 அங்குலப் பலகை 65, 70 லிட்டர் இருக்கும். முழங்காலளவு அலையை அது போலப் பிடிக்கும் குட்டைப் பலகை இதுவரை பிறக்கவில்லை. என்ன அகலம் வைத்தாலும் சரி.

ஆகவே கேள்வி 'எது சரி' என்பது இல்லை, உங்கள் சின்ன அலை எப்படி உடைகிறது என்பது. நீளமாக, மெதுவாக, ஒரு பக்கத்திலிருந்து சரிந்து போகும் அலையா? அதில் நின்று, பலகைமேல் கொஞ்சம் நடந்து, நிதானமாகப் போவது உங்களுக்குச் சுகமா? நண்பர் சொன்னதைக் கேளுங்கள். மணற்கரையில் சட்டென்று நிமிர்ந்து, நான்கைந்து வினாடியில் முடிந்துவிடும் குட்டை அலையா? அப்போது விற்பவர் சொன்னது. அவ்வளவு குட்டை நேரத்தில் ஒன்பதடிப் பலகையோடு திரும்பி முடிப்பதற்குள் அலையே இருக்காது.

7 அடி நீளம், 21 அகலம், 42 லிட்டர் என்று நடுவாந்தர அளவும் இருக்கிறது. இப்போது பலர் அதை வாங்குகிறார்கள். பிடிக்கும் எண்ணிக்கை நிச்சயம் கூடும். ஆனால் நீங்கள் எழுதியதில் 'திரும்ப முடியவில்லை', 'வேகம் வரவில்லை' என்ற புலம்பல்தான் அதிகம் தெரிந்தது. ஏழடிப் பலகை வேகம் தரும். இடுப்பளவு அலையில் கூர்மையாகத் திரும்புவதை மட்டும் தராது. அதனால்தான் உங்களுக்கு 5 அடி 8 அங்குலம் என்றேன். பிடித்துப் போய்க்கொண்டிருந்தாலே போதும் என்று எழுதியிருந்தால் ஏழடி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஃபின் விஷயம் சுருக்கமாக. 1980-இல் சைமன் ஆண்டர்சன் கொண்டுவந்த மூன்று ஃபின் அமைப்புதான் இன்றும் பொதுவானது, பிடிமானம் அதிகம். பலமில்லாத அலையில் பிடிமானம் உங்கள் குறை இல்லை, வேகம்தான் குறை. நடு ஃபின் இல்லாத இரண்டு அல்லது நான்கு ஃபின் அமைப்பில் இழுவை குறைவு, அலையின் ஓரமாக நேரே ஓடும். ஃபின் பொருத்த ஐந்து குழி உள்ள பலகையாக வாங்கினால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நான்கில் தொடங்குங்கள்.

பொருளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தெர்மாகோல் வகையான இபிஎஸ் நுரையும் அதன்மேல் பூசும் எபாக்ஸி பிசினும் கொண்ட பலகை, பழைய பாலியூரித்தேன் நுரைப் பலகையைவிட எடை குறைந்தது. காற்றில்லாத, வழுவழுப்பான சின்ன அலையில் அந்த இலேசான தன்மை கைகொடுக்கும். காற்றடித்துத் தண்ணீர் குதித்துக்கொண்டிருக்கும் நாளில் அதே இலேசு காலடியில் தடதடக்கும். சின்ன அலைப் பலகைக்கு நான் எபாக்ஸியைத்தான் எடுப்பேன், ஆனால் வடிவம் பிடித்த பாலியூரித்தேன் பலகை கிடைத்தால் இதற்காக விடமாட்டேன்.

உங்கள் எடை இல்லாத ஒருவர் இதைப் படிக்கலாம் என்பதால் இரண்டு அளவுகள். உங்களைப் போன்ற அனுபவமுள்ள 60 கிலோ ஆளுக்கு 5 அடி 4 அங்குலம், 19¾ அகலம், 2⅜ தடிமன், சுமார் 27 லிட்டர். 90 கிலோ ஆளுக்கு 6 அடி, 21½ அகலம், 2¾ தடிமன், 39 அல்லது 40 லிட்டர். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது அகலத்துக்கும் பொருந்தும்: தோள் குறுகிய ஆள் 21 அங்குலப் பலகையில் படுத்தால் கை தண்ணீரை எட்ட விளிம்பைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். நின்ற பிறகு குதிகாலிலிருந்து விரலுக்கு எடையை மாற்றுவதும் தாமதமாகும். முதல் சில மாதங்களில் இருப்பவருக்கு இந்த எண்கள் எதுவும் இல்லை. அவர் 8 அடி மென்பலகையில் 70 லிட்டருக்குக் குறையாமல் ஓட்டட்டும்.

கூடக்கூட நல்லது என்று நீங்கள் 36, 38 லிட்டருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். லிட்டர் கூடினால் பலகையை அலைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு போவது கடினமாகும். சின்ன அலை நாளில் இது பெரிய தொல்லை இல்லை. விளிம்பை அழுத்தித் திரும்ப முடியாமல் போவதுதான் தொல்லை. விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள்: நடுவில் தடித்திருந்தாலும் ஓரத்துக்கு வரும்போது மெலிந்திருந்தால் பரவாயில்லை. ஓரம்வரை ஒரே தடிமன் என்றால், நான் பட்டதை நீங்களும் படுவீர்கள்.

முடிந்தால் வாங்கும் முன் ஒரு நாளாவது இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி நல்ல அலை வரும் நாளில் வேண்டாம், அன்றைக்கு எந்தப் பலகையும் நல்ல பலகைதான். நீங்கள் வழக்கமாக வீட்டுக்குத் திரும்பிவிடும் அலை நாளில் இறங்குங்கள். படுத்துத் துழாவும்போது மூக்கு தண்ணீருக்கு மேல் ஓர் அங்குலம் இருக்கிறதா, நெஞ்சின் பக்கம் தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். அலையில் நின்றதும் ஒன்றும் செய்யாமல், காலால் அழுத்தாமல், மூன்று வரை எண்ணுங்கள். அந்த மூன்று எண்ணுவதற்குள் பலகை தானாகவே ஓடிக்கொண்டிருந்தால் அடிப்பக்கம் சரி. நீங்கள் குதித்துக் குதித்துத் தள்ளினால்தான் போகிறது என்றால், லிட்டர் எவ்வளவு எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

6 அடிப் பலகையை விற்றுவிட வேண்டாம். நெஞ்சளவு அலை வரும் நாளில் புதியதை எடுத்துக்கொண்டு போனால் இரண்டாவது அலையிலேயே மூக்கைக் குத்தி விழுந்து, பழையதைத் தேடுவீர்கள். புதியதில் முதல் இரண்டு முறை பின்காலை வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை பின்னால் வைத்துப் பாருங்கள். குட்டைப் பலகையில் எல்லோரும் பழைய இடத்திலேயே காலை வைத்துவிட்டு, திரும்ப மாட்டேன் என்கிறது என்று பலகையைத் திட்டுவார்கள்.